முதலாளியிடம் 30 லட்சம் கேட்காதீர்கள், ஒரு பே கேளுங்கள்

கேள்வி: கோவையில் எட்டு பே (ஒரு வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) உள்ள மல்டி பிராண்ட் கார் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ, வயது 31. கார் கஸ்டமைசேஷன் கடை ஒன்று தொடங்க ரொம்ப நாள் ஆசை. ராப் (வண்டி மேல் ஒட்டும் நிற ஃபிலிம்), பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்கும் ஃபிலிம்), அலாய் வீல், சைலன்சர், லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்), ஆடியோ எல்லாம் ஒரே இடத்தில் செய்து தர வேண்டும். 30 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். முதலாளிக்கு என் மேல் நல்ல நம்பிக்கை உண்டு. இரண்டு முறை பேச்செடுத்தேன், ‘பார்க்கலாம்ப்பா’ என்றதோடு சரி. அவர் பணம் போட்டு நான் நடத்துவதற்கு அவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி? என்ன மாதிரி ஒப்பந்தம் போட வேண்டும்?

பதில்: உங்கள் மேல் நம்பிக்கை இருக்கும்போதே அவர் ‘பார்க்கலாம்’ என்கிறார் என்றால், தயக்கம் உங்களைப் பற்றியது அல்ல. நீங்கள் கொண்டுபோன பட்டியலைப் பற்றியது. அதில் பாதி வேலை அவருடைய ஒர்க்‌ஷாப்பையே வம்பில் மாட்டிவிடக்கூடியது. மீதிப் பாதி நல்ல வேலை. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் எந்த முதலாளியும் பின்வாங்கத்தான் செய்வார். முதலில் அந்தப் பட்டியலைப் பிரியுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும் அளவுக்கு அதன் அமைப்பில் செய்யும் மாற்றத்தைத்தான் அந்தப் பிரிவு ‘மாற்றம்’ என்று விளக்குகிறது. கேரள உயர் நீதிமன்றம் சற்றுத் தாராளமாகத் தீர்ப்பளித்திருந்தது. 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, தயாரிப்பாளர் தந்த விவரக் குறிப்பை மீறிய மாற்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு சட்டத்திருத்தத்தில் பிரிவு 182ஏ வந்தது. அனுமதி இல்லாத பாகங்களைப் பொருத்தி மாற்றம் செய்த வண்டியின் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தத் துறையில் இருக்கும் பலர் கவனிக்காமல் விடும் இடம் அடுத்து வருகிறது. அதே பிரிவு, விதியை மீறி வண்டியை மாற்றித் தரும் ‘டீலருக்கு’ வண்டி ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. டீலர் என்றால் ஷோரூம்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டத்தின் பிரிவு 2(8)-ல் உள்ள விளக்கத்தில் வண்டி ரிப்பேர் செய்பவரும் அடக்கம். அதாவது நீங்கள் ஆசையாகப் பொருத்தும் லிஃப்ட் கிட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் முதலாளி. பல வருடம் கட்டிக் காத்த ஒர்க்‌ஷாப் பெயரில் பில் போட்டு அவர் ஏன் இந்த ஆபத்தை ஏற்க வேண்டும்?

ஆகவே லிஃப்ட் கிட், சேஸிஸ் வெட்டுதல், கூரை வெட்டுதல், சத்தம் போடும் சைலன்சர், பல சுர ஹாரன், இரும்பு புல் பார் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஓரமாகக்கூட எழுதி வைக்க வேண்டாம். கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் வேலையும் வேண்டாம். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 100. 2012-ல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்தது. ஒரு வண்டிக்குச் சில ஆயிரம் கிடைக்கும் வேலைக்காகப் போக்குவரத்துப் போலீஸிடம் கஸ்டமர் மாட்டிக்கொண்டு உங்களுக்குப் போன் அடிக்கும் நிலைமை தேவையில்லை.

மிச்சம் இருப்பது குறைவில்லை. பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம், செராமிக் கோட்டிங், பாலிஷ், சீட் கவர், உள்அலங்காரம், சவுண்ட் டேம்பிங், ஆடியோ, பழைய வண்டியைப் புதுப்பித்தல் எல்லாம் செய்யலாம். நிறம் மாற்றும் ராப்பும் செய்யலாம். ஆனால் நிறம் ஆர்.சி.யில் இருக்கும் விவரம் என்பதால் முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி, அதற்குப் பிறகுதான் வேலை, வேலை முடிந்ததும் ஆர்.சி. திருத்தம் என்று கஸ்டமரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அலாய் விஷயத்தில் ஒரு பாதுகாப்பான கோடு இருக்கிறது: அதே மாடலின் உயர்ந்த வேரியன்ட்டில் கம்பெனியே தரும் ரிம், டயர் அளவைத் தாண்டாதீர்கள். டயரின் லோடு இண்டெக்ஸ் (அது தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) குறையவே கூடாது.

இன்னொரு வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்காகக் காரை மாற்றித் தருவது. கையால் இயக்கும் பிரேக்-ஆக்சிலரேட்டர், இடது கால் ஆக்சிலரேட்டர் போன்றவை. வண்டியை இப்படித் தகவமைக்க உரிமையாளருக்குப் பிரிவு 52 வழி விட்டிருக்கிறது. வேலையை முடித்துவிட்டுப் பிறகு ஆர்.டி.ஓ. ஒப்புதல் பெறலாம். ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்பின் ஒப்புதல் பெற்ற கிட்டை மட்டும் வாங்கிப் பொருத்துங்கள். இதை ஒழுங்காகச் செய்யும் கடைகள் குறைவு, தேவைப்படுகிறவர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். சட்டமே கைகொடுக்கும் கஸ்டம் வேலை இது. உங்கள் பட்டியலில் இது இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது பணத்துக்கு வருவோம். முதலாளிக்கு ஒரு பே என்பது வெறும் இடமல்ல, தினசரி வருமானம். இந்தக் கணக்கில் நீங்கள் பேசாதவரை அவர் காதில் எதுவும் ஏறாது. ஒரு உதாரணம் போடுகிறேன், உங்கள் ஒர்க்‌ஷாப் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சாதாரண சர்வீஸில் ஒரு பேயில் நாளைக்கு மூன்று வண்டி, கூலி ஆட்கள் செலவு போக வண்டிக்கு 1,200 நிற்கிறது என்றால் நாளுக்கு 3,600. மாதம் 25 வேலை நாளுக்கு 90,000. உங்கள் கஸ்டம் வேலை அந்தப் பேயில் இதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தால்தான் அவருக்கு லாபம். பில் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது வேறு விஷயம்.

ஒரு முழு பிபிஎஃப் வேலையை எடுங்கள். ஜி.எஸ்.டி. நீங்கலாக பில் 90,000. ஃபிலிம் 45,000, மற்ற சாமான் 2,000, இரண்டு ஆள் நான்கு நாள் கூலி 8,000, மறுவேலைக்கு ஒதுக்க வேண்டியது 4,500. நிற்பது 30,500. நான்கு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 7,625. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேலை ஆறு நாளாக இழுத்தால் கூலி 12,000 ஆகி, நிற்பது 26,500, நாளுக்கு 4,400 சொச்சம். சர்வீஸ் வேலையைவிடக் கொஞ்சம்தான் மேல். இப்போது சீட் கவரைப் பாருங்கள். வெளியே தைக்கக் கொடுத்து வாங்கி, 14,000 பில்லில் 9,500 செலவு போக 4,500 நிற்கிறது. பேயில் வண்டி நிற்பது அரை நாள்தான். நாள் கணக்கில் 9,000. நீங்கள் சின்ன வேலை என்று ஒதுக்கியது, பெருமையாகக் காட்ட நினைத்த வேலையைவிட அந்த இடத்துக்கு அதிகம் கொடுக்கிறது.

பே காலியாகக் கிடக்கும் நாளையும் சேர்க்க வேண்டும். நாளுக்கு 7,625 என்றே வைத்தாலும், மாதத்தில் 12 நாள் வேலை இருந்தால் 91,500 வந்து பழைய 90,000-ஐத் தொடும். ஏ.சி., கூடுதல் விளக்கு, கரண்டு, தவணை என்று மாதம் 20,000 கூடினால் 15 நாள் வேலை வேண்டும். இந்த 15 என்ற எண்ணை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். ‘மாதம் 15 பே-நாள் நிரப்பினால் உங்களுக்கு நஷ்டமில்லை, அதற்கு மேல் வருவது லாபம்’ என்று தொடங்கும் பேச்சுக்கு ‘பார்க்கலாம்ப்பா’ என்ற பதில் வராது.

பேசப் போகும் முன் ஒரு மாதம் ஒரு நோட்டில் குறியுங்கள்: சர்வீஸுக்கு வந்த கஸ்டமர்களில் எத்தனை பேர் கோட்டிங், சீட் கவர், ஆடியோ பற்றித் தாமாகவே கேட்டார்கள், என்ன வண்டி, என்ன பட்ஜெட். இப்போது அவர்களை வேறு கடைக்குத்தானே அனுப்புகிறீர்கள்? அந்த நோட்டுதான் உங்கள் சந்தை ஆய்வு.

30 லட்சத்தை 6 லட்சமாகக் குறையுங்கள். ஒரு பேக்குத் தூசி புகாத தடுப்பும் விளக்கும் ஏ.சி.யும் 1,20,000. பாலிஷர், ஹீட் கன், ஸ்டீமர், பெயின்ட் தடிமன் மீட்டர் போன்ற கருவிகள் 90,000. முதல் ஃபிலிம் ரோல் 50,000. ஆடியோ, ஒயரிங் கருவிகள் 40,000. இரண்டு பேருக்குப் பயிற்சி 1,00,000. இன்சூரன்ஸும் ஒப்பந்தச் செலவும் 40,000. கைமுதல் 1,60,000. லிஃப்ட், கம்ப்ரசர், ஸ்கேனர் எல்லாம் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கின்றன. உங்கள் 30 லட்சத்தில் பெரும்பகுதி, அவரிடம் ஏற்கெனவே இருப்பதை மறுபடி வாங்குவதற்கும் கடை வாடகை அட்வான்ஸுக்கும்தான் போயிருக்கும்.

பயிற்சிக்கான 1 லட்சத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பிபிஎஃப் ரோல் பொதுவாக 1.52 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். நடுத்தர காருக்கு ஒரு ரோல் கிட்டத்தட்ட சரியாகப் போகும், பெரிய எஸ்.யூ.வி.க்குப் போதாது. பம்பர் வளைவில் பழகாத கை ஃபிலிமை அளவுக்கு மீறி இழுத்து ஒரு துண்டை வீணாக்கினால் அந்த வேலையின் லாபத்தில் நல்ல பங்கு போய்விடும். ஒட்டும் முன் ஒவ்வொரு பேனலிலும் தடிமன் மீட்டர் வைத்து எழுதுங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் இருக்கும். 200-ஐத் தாண்டினால் மறுபெயின்ட் அடித்த பேனல் என்று சந்தேகப்படுங்கள். அதில் ஒட்டிய ஃபிலிமைப் பின்னாளில் உரித்தால் பெயின்ட் சேர்ந்து வரலாம், பழி உங்கள் மேல் விழும். அளவைக் காட்டி, வேலைக்கு முன்பே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சீட் கவரில் இதைவிடப் பெரிய ஆபத்து. இப்போது பல கார்களில் முன் சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது, அந்த இடத்தில் சின்ன அட்டையும் தைத்திருப்பார்கள். சாதாரண கவரை இறுக்கமாகப் போர்த்தினால் விபத்தின்போது பை வெளியே வர வழியில்லை. அந்தப் பக்கத் தையல் தானாகப் பிரியும் நூலில், சரியான இடத்தில் தைத்த கவரைத்தான் போட வேண்டும். தைப்பவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. மாதிரித் துண்டை வாங்கி நீங்களே பிரித்துப் பாருங்கள். சீட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் முதலில் பேட்டரியை எடுத்துவிட்டு, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருந்து, பிறகுதான் ஏர்பேக் ஒயரின் மஞ்சள் கப்ளரைத் (இணைப்பான்) தொட வேண்டும். கப்ளர் கழன்று கிடக்கும்போது யாராவது சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும், ஸ்கேனர் போட்டுத்தான் அணைக்க முடியும்.

ஒயரிங்குக்கு ஒரே சட்டம்: கம்பெனி ஒயரை வெட்டக் கூடாது. அந்த மாடலுக்கான கப்ளர் ஹார்னஸ் (கப்ளரோடு வரும் ஒயர் கட்டு) வாங்கிச் செருகுங்கள். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் மெயின் ஒயரில் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். டிக்கியில் ஆம்ப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது எதையும் காப்பாற்றாது. வாரன்டி உள்ள வண்டியில் வெட்டி ஒட்டிய ஒயரை ஷோரூம்காரர் பார்த்தால் அந்த மின்கோளாறுக்கு வாரன்டி மறுப்பார், கஸ்டமர் நேராக உங்கள் முதலாளியிடம் வருவார். கதவில் டேம்பிங் ஷீட் ஒட்டும்போது அடியில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளை மூடிவிடாதீர்கள், ஒரு மழைக்காலம் போதும் துரு பிடிக்க.

பணத்தில் ஒழுங்கு இப்படி: பாதித் தொகை அட்வான்ஸ் வந்த பிறகே ஃபிலிம் ஆர்டர். ஸ்டாக் வாங்கி அடுக்காதீர்கள். டெலிவரி அன்று முழுப் பணம். ‘முதலாளிக்குத் தெரிந்தவர்’ என்ற கணக்கில் கடன் கிடையாது என்பதை அவர் வாயாலேயே முதலில் சொல்ல வையுங்கள். வளாகத்தில் நிற்கும் கஸ்டமர் வண்டிகளுக்கு மோட்டார் டிரேட் பாலிசி இருக்கிறதா, அதில் இன்டர்னல் ரிஸ்க் (வளாகத்துக்குள் நேரும் சேதம்), ரோட் ரிஸ்க் (சாலையில் ஓட்டும்போது நேரும் சேதம்) இரண்டும் உண்டா என்று பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே உள்ள உரிமங்களில் புது வேலையைச் சேர்க்க வேண்டுமா என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஒப்பந்தம். முதல் ஆறு மாதத்துக்குத் தனிக் கம்பெனி, பங்கு எதுவும் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பின் ஒரு பிரிவாக, அதே ஜி.எஸ்.டி. எண்ணில் ஓடட்டும். உங்கள் சம்பளம் அப்படியே தொடரட்டும். அந்தப் பேயின் பழைய வருமானமும் கூடுதல் மாதச் செலவும் போக மிஞ்சுவதில் ஒரு பங்கு உங்களுக்கு, 20 சதவீதம் என்று கேட்டுத் தொடங்கலாம். இரண்டு பக்கக் கடிதம் போதும். ஆனால் இவை அதில் இருக்க வேண்டும்: கணக்கை யார் எழுதுவது, மாதம் எந்தத் தேதிக்குள் பார்ப்பது, மறுவேலைச் செலவு பங்கு பிரிப்பதற்கு முன் கழியுமா பின்பா, கருவிகள் யாருடையவை, எந்த வேலைகளை எடுக்கவே கூடாது, எப்போது நிறுத்துவது. நிறுத்தும் விதியை நீங்களே எழுதிக் கொடுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் 12 பே-நாளுக்குக் கீழே போனால் பே மறுபடி சர்வீஸுக்கே. தோற்றால் எப்படி முடிப்பது என்று தெளிவாக எழுதித் தருகிறவரிடம் பணம் கொடுக்க மனிதர்கள் அவ்வளவு தயங்குவதில்லை.

அவருக்கு இன்னொரு பயமும் இருக்கும்: தொழிலைக் கற்று, கஸ்டமரைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய்விடுவீர்களோ என்று. வேலையை விட்ட பிறகு அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-ன்படி பொதுவாகச் செல்லாது. வேலையில் இருக்கும்போது போட்டித் தொழில் செய்யக் கூடாது என்பது செல்லும். செல்லாத நிபந்தனையில் கையெழுத்துப் போட்டு இருவரும் ஏமாற வேண்டாம். அதற்குப் பதில், விலகுவதற்கு மூன்று மாதம் முன்னறிவிப்பு, ஒரு ஆளைப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போவது, நிலுவைப் பங்கு அதற்குப் பிறகு தீர்ப்பது என்று எழுதுங்கள். இது இருவருக்கும் நியாயம்.

ஆறு மாதம் ஓடி எண்கள் நின்றால் தனி நிறுவனம் பற்றிப் பேசலாம். அப்போது அவர் தருவது முதலீடா கடனா என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலீடு என்றால் எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) அல்லது பிரைவேட் லிமிடெட், நஷ்டத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. கடன் என்றால் வட்டி, தவணை, எழுத்து. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வங்கி வழியாகவே வாங்குங்கள். தனியாகப் போவதானால் தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம், வட்டியில் 3 சதவீதச் சலுகை. டிப்ளமோவுக்கும் உங்கள் வயதுக்கும் பொருந்தும். ஆனால் அது முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் தொடங்கும் புதிய நிறுவனத்துக்கு. முதலாளியின் ஒர்க்‌ஷாப்பை விரிவாக்க அதைப் பயன்படுத்த முடியாது. அதனால் அவருடன் பங்கு போடுவதற்கு முன்பே, பங்கு வடிவம் தகுதியைப் பாதிக்குமா என்று அங்கே கேட்டுவிடுங்கள்.

அவரைப் பார்க்கும் நேரமும் முக்கியம். மாதக் கடைசி வேண்டாம், வண்டி நெரிசலான திங்கட்கிழமை காலையும் வேண்டாம். ஒரே பக்கத்தில் பே-நாள் கணக்கு, எடுக்கும் வேலை, எடுக்காத வேலை, நிறுத்தும் விதி. கூடவே அந்த ஒரு மாத நோட்டு. ஆறு லட்சமும் வேண்டாம் என்றால், சீட் கவரும் சவுண்ட் டேம்பிங்கும் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் செய்ய அனுமதி கேளுங்கள். அதற்குத் தடுப்பும் ஏ.சி.யும் ஃபிலிமும் தேவையில்லை, கைமுதல் 50,000-க்குள் அடங்கும், முதல் மாதத்திலேயே கணக்குக் காட்டலாம்.